முடிவைச் சொல்ல வேண்டாம் என்றவள்

மெட்டுகுடா, செகந்திராபாத்
ஜூலை, செவ்வாய்க்கிழமை

பிரியமான மகள் ஸ்டெஃபிக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய தயவால் நாங்கள் சுகம் என்று பழக்கத்தில் எழுதிவிட்டு, நாங்கள் என்பதை அடித்து நான் என்று மாற்றியிருக்கிறேன், அடித்தல் தெரிந்தால் பொறுத்துக்கொள். நீயும் மாப்பிள்ளை எட்வினும் அங்கே சுகமாக இருக்க ஜெபிக்கிறேன். இங்கே மழை பிடித்துவிட்டது, தெருவில் போனாலுப் பண்டிகை அம்மன் மேளம் ஓய்ந்தபாடில்லை. பிரஷர் மாத்திரை தவறாமல் போடுகிறேன். சமையல் நானேதான். பக்கத்து வீட்டு சிவஞானம் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, உங்க சாதம் நீங்க நியூஸ் எழுதின பேப்பர் மாதிரியே இருக்கு சார், அவசரத்துல பாதி வெந்ததை இறக்கிட்டீங்க என்றார். அன்றைக்குச் சிரித்தேன்.

திரும்பிப் போன அன்று ஏர்போர்ட்டில் நீ என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாய். அம்மாவுக்குத் தெரியுமா, தெரிந்திருந்தால் என்னை ஏன் வரவிடவில்லை என்று. நான் உன் பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தேன். அதற்குப் பிறகு நீ போன் செய்யவில்லை, மெசேஜ் மட்டும் வருகிறது. உன்மேல் வருத்தமில்லை. அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை, இப்போது இருக்கிறது. இத்தனை வருடம் நடந்து முடிந்ததை முதல் வரியில் சொல்லியே செய்தி எழுதியவன், இதை மட்டும் அம்மாவுக்குப் பிடித்த மாதிரி வரிசையாகச் சொல்கிறேன், கடைசிவரை படி.

நீ கனடா போகும்போது ஜப்பான் கார்ட்டூன் பார்க்கிற உன் அனிமே கணக்கை டிவியில் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய். பனிக்கடலில் படகு ஓட்டிக்கொண்டு அண்ணனைத் தேடும் அந்தப் பெண்ணின் கதையை நீ அங்கேயும் அம்மா இங்கேயும் வாரம் ஒரு பகுதி பார்ப்பீர்கள், ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் போனில் அதே பேச்சு. அது போதாதென்று அவள் அந்தக் கதையைப் பற்றிப் பேசுகிற குழுவிலும் சேர்ந்தாள். எல்லாம் காலேஜ் பிள்ளைகள், இவளுக்கு மட்டும் அவர்கள் வைத்த பெயர் மெட்டி ஆன்ட்டி. முதலில் அது வீடியோ கேமாக வந்த கதை, கேமை ஆடி முடித்தவர்களுக்கு முடிவு தெரியும். யாராவது அந்தப் பக்கம் வாயைத் திறந்தால் போதும், நக்கோ பாபு, ஸ்பாய்லர் நக்கோ, வேணாம், கைக்கு அவசரம், எதுக்கு அவசரம் என்று இந்த ஊர் உருதுவில் அதட்டி எழுதுவாள். மௌலா அலியிலிருந்து எழுதுகிற ரக்ஷிதாதான் அதிகம் திட்டு வாங்கினவள்.

பிப்ரவரியில் அம்மாவின் ரிப்போர்ட் வந்த அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். புற்றுநோய் கணையத்தில் ஆரம்பித்து ஈரலுக்குப் போய்விட்டது, கோடை தாண்டுவது கடினம் என்றார். நான் அறைக்குள் போனதும் அம்மா என் முகத்தைப் பார்த்து, தலைப்புச் செய்தியை மூஞ்சியிலே ஒட்டிக்கிட்டு வராதீங்க, நான் இன்னும் பார்த்துக்கிட்டுதான் இருக்கேன், முடிவைச் சொல்ல வேணாம் என்றாள். கேட்காமல் இருப்பது அவள் விருப்பம் என்று எடுத்துக்கொண்டேன். குடலில் புண், ஆறிவிடும் என்று சொன்னேன். சரி என்றாள். உனக்கும் அதையே சொன்னேன். லீவு போட்டுக்கொண்டு நீ வந்து வாசலில் நின்றால் அதைவிடப் பெரிய ஸ்பாய்லர் அவளுக்கு வேறென்ன, பார்த்த நிமிடமே தெரிந்துகொள்வாள் என்று நினைத்தேன். அதனால்தான் நீ வரட்டுமா என்று கேட்டபோதெல்லாம் கிறிஸ்துமஸுக்கு வா என்றேன். மே கடைசியில் நீ வந்தபோது அவளைப் பெட்டியில் வைத்தாயிற்று.

போன சனிக்கிழமை ரக்ஷிதா வீட்டுக்கு வந்தாள். அடக்க ஆராதனையில் பின்வரிசையில் நின்று அழுததே, அந்தப் பெண்தான். நான் தமிழில் கேட்க அவள் தெலுங்கில் பதில் சொல்ல, அரை மணி நேரம் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு சொன்னாள். ஈஸ்டருக்கு மறுநாள் அம்மா அவளுக்குப் போன் செய்து, நீ கேமை முடிச்சவதானே, கதை எப்படி முடியுதுன்னு சொல்லு என்று கேட்டிருக்கிறாள். ரக்ஷிதா விளையாட்டு என்று நினைத்து, ஸ்பாய்லர் நக்கோ ஆன்ட்டி, ஜூன்ல கடைசிப் பகுதி வருதே என்று சிரித்திருக்கிறாள். அதுக்கு நான் இருக்க மாட்டேன்மா, இப்பவே சொல்லிடு என்றாளாம் உன் அம்மா. அந்தப் பெண் அழுதுகொண்டே முழுக்கதையையும் சொல்லியிருக்கிறாள். எந்த நாள், என்ன வார்த்தை என்று நான் இரண்டு முறை திருப்பிக் கேட்டேன். மாறவில்லை.

ஆகவே உன் கேள்விக்குப் பதில் இதுதான். அம்மாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாமல் அவளுக்குத் தெரியும். அங்கிள் பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டு மறைக்கிறார், அவரிடம் சொல்லாதே என்றும் அந்தப் பெண்ணிடம் சொல்லி வைத்திருக்கிறாள். ஒரே வீட்டில் அவள் எனக்காகவும் நான் அவளுக்காகவும் ஒரே சங்கதியை ஒளித்துக்கொண்டு கஞ்சி குடித்திருக்கிறோம். ஈஸ்டருக்கே நீ வந்திருக்கலாம் ஸ்டெஃபி. நீ வந்து நின்றிருந்தால் அவளுக்குப் புதிதாகத் தெரிய ஒன்றுமே இருந்திருக்காது, உன்னைப் பார்த்திருப்பாள், அவ்வளவுதான். அதை உனக்கும் அவளுக்கும் இல்லாமல் செய்தது நான். மன்னித்துக்கொள் என்று எழுதினால் அது உன்னை அவசரப்படுத்துவதாகும். ஆறும்போது ஆறட்டும்.

ஒன்று பாக்கி. கதையைக் கேட்டு முடித்ததும் அம்மா, ஸ்டெஃபிகிட்ட சொல்லிடாதே, அவ முழுசா பார்க்கட்டும் என்றாளாம். கடைசிப் பகுதி போன மாதமே வந்துவிட்டது. நீ பார்த்திருக்க மாட்டாய் என்று நினைக்கிறேன். நான் முதலிலிருந்து பார்த்து அதற்கு முந்தின பகுதிவரை வந்திருக்கிறேன், பாதி புரியவில்லை. அண்ணனைக் கண்டுபிடித்தாளா என்று சொல்ல ரக்ஷிதா வாயெடுத்தாள், நக்கோ அம்மா என்றேன். இதைப் போட்டோ எடுத்து உன் போனுக்கு இன்றைக்கே அனுப்பிவிடுகிறேன். வருகிற ஞாயிறு எனக்குச் சாயங்காலம், உனக்குக் காலை, நீ அங்கே போடு, நான் இங்கே போடுகிறேன். முடிந்த பிறகு பேச மனம் வந்தால் கூப்பிடு, வராவிட்டாலும் சரி.

குளிரில்லாத மாதம் என்று வெறும் வயிற்றோடு வேலைக்கு ஓடாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. மறக்காமல் ஒன்று செய், கணக்கைப் புதுப்பிக்கும்போது எந்தப் பெயரையும் எடுத்துவிடாதே. டிவியைப் போட்டதும் யார் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறது, ஸ்டெஃபி, அம்மா என்று இரண்டு பெயர்தான் இருக்கிறது. நான் அம்மா என்பதைத்தான் அழுத்துகிறேன்.

உன் அப்பா
கொர்னேலியஸ்