பாட்டு இல்லாமல் வந்த பொட்டலம்

நவம்பர் 14, சனிக்கிழமை

அன்புள்ள யோரிட்டுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும், முப்பது மாடுகளும் சுகம். என் வலது மணிக்கட்டு மட்டும் சுகமில்லை. நியூசிலாந்தில் நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு இருப்பாய் என்று நம்பி இதை எழுதுகிறேன். எழுதுகிறேன் என்பது பேச்சுக்குத்தான், நான் சொல்லச் சொல்ல உன் தங்கை ஆஃப்கே எழுதுகிறாள். புதன்கிழமை சின்ட் மார்ட்டின் திருநாள் அல்லவா, பிள்ளைகள் பீட்ரூட் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றிக்கொண்டு வாசலில் பாட வந்தார்கள், நான் மிட்டாய்க் கிண்ணத்தோடு இறங்கினேன், யாரோ போட்ட கிழங்குத் தோலில் கால் வழுக்கி விழுந்தேன். ஆறு வாரம் மாவுக்கட்டு. பக்கத்துப் பண்ணை பெர்ட்டஸ் வந்து பார்த்துவிட்டு, "மிட்டாயைத்தானே போடச் சொன்னாங்க கேசியா, உன்னையே போட்டுட்டியே" என்று சிரித்துவிட்டுப் போனார். பிள்ளைகள் கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் என்னைத் தூக்கினார்களாம், ஆஃப்கே சொல்கிறாள். அவள் உயர்நிலைப் பள்ளியில் லத்தீன் படிக்கிறாள், வீட்டில் எல்லோரையும் திருத்துகிறாள், இந்தக் கடிதத்திலும் என்னை நான்கு இடத்தில் திருத்திவிட்டாள்.

சொல்ல வந்தது உன் அப்பாவைப் பற்றி. போன வருடம் டிசம்பர் ஐந்தாம் தேதியிலிருந்து அவர் சத்தமாகப் பேசுவதில்லை. உனக்கு நம்பிக்கை வராது, மாட்டுத் தொழுவத்தில் நின்று கூப்பிட்டால் தபால்காரர் பாலத்தில் சைக்கிளை நிறுத்துவாரே, அந்த மனிதர்தான். சின்டர்கிளாஸ் திருநாள் பரிசுக்குச் சீட்டு எடுத்ததில் உனக்கு அப்பா பெயர் வந்தது, நீ ஆட்டுத்தோல் செருப்பு அனுப்பினாய். அன்று மாலை சின்டர்கிளாஸ் பெயரில் வந்த பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். பரிசோடு வைக்கும் கேலிப் பாட்டை அப்பா எழுந்து நின்று உரக்கப் படித்தார். பால் தொழிற்சாலைக்கு அப்பால் உலகம் இருப்பதை இன்னும் நம்பாதவர், மாடுகளிடம் யோசனை கேட்பவர் என்றெல்லாம் இருந்தது, நாங்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். கடைசி இரண்டு வரிக்கு வந்தார். 'உலகின் மறுகோடிக்கு ஓடினான் மகன் ஏன்? அப்பா குரல் கேட்காத இடம் அங்கேதான்.' படித்து முடித்தார், வழக்கம்போல "நன்றி, சின்டர்கிளாஸ்" என்றார், தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யார் எழுதியது என்று இந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை, கேட்கவும் கூடாது. நானும் கேட்கவில்லை.

வருடக் கடைசி நாளில் பெர்ட்டஸ் கார்பைடு டப்பாவோடு வந்து நின்றார். பால் கேனில் கார்பைடு போட்டு வெடிப்பது அப்பாவும் நீயும் விடாமல் செய்த வேலை. "என்ன ஹார்ம், கேனை எங்க? மகன் போனதும் தைரியமும் கப்பலேறிடுச்சா?" என்றார். அப்பா, "இந்த வீட்டுல போட்ட சத்தம் போதும்" என்று சொல்லி, எண்ணெயில் வெந்துகொண்டிருந்த ஓலிபோலன் உருண்டைகளைத் திருப்பிவிட உள்ளே வந்துவிட்டார். ஈஸ்டர் திங்கட்கிழமை நீ போன் செய்தபோது என்ன நடந்தது என்று உனக்கே தெரியும். நியூசிலாந்துக்குக் கம்பி இல்லாமலே கேட்கும்படி கத்துகிறவர், ரிசீவரை வாங்கி மெல்லிய குரலில் "நல்லா இரு" என்று மட்டும் சொல்லி என்னிடம் கொடுத்தார். அரசி நாளில், பிள்ளைகள் பழைய சாமான் விற்கும் அன்று, ஆஃப்கே சந்தைத் தெருவில் போர்வை விரித்து உன் பழைய சறுக்குக் காலணியை விற்கப் போனாள், அப்பா பேசாமல் வந்து அதை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்துவிட்டார். அதையாவது நான் புரிந்துகொண்டேன். மே நான்காம் தேதிதான் எனக்குப் பொறுக்கவில்லை. நினைவுக் கல்லின் முன்னால், எட்டு மணிக்கு அந்த இரண்டு நிமிட மௌனம் முடிந்ததும், போரில் இறந்த நம் ஊர்க்காரர்களின் பதினொரு பெயரையும் இருபது வருடமாக அவர்தான் படிக்கிறார், ஒலிபெருக்கி இல்லாமல். இந்த வருடம் தாளைப் பள்ளித் தலைமையாசிரியரிடம் கொடுத்துவிட்டார். காற்று வேறு அடித்தது. மறுநாள் விடுதலை நாள், கொடியை முழுக் கம்பத்தில் ஏற்றிக்கொண்டிருந்தேன், அப்பா பக்கத்தில் நின்றார், விதவை ஹென்ரிக்கா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "நான் பின்னாடி நின்னேன் ஹார்ம். எங்க அண்ணன் பேரு எனக்குக் கேக்கலை. வருஷத்துக்கு ஒரு தடவைதான் அதை யாராவது வாய்விட்டுச் சொல்றாங்க" என்றாள். அப்பா, "என் குரல் ஜாஸ்தி ஹென்ரிக்கா, எல்லாருக்கும் தொல்லை" என்றார். அவள், "எனக்குத் தொல்லைன்னு யாரு சொன்னது?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆகஸ்டில் அவர் பிறந்தநாள். எல்லோரும் வட்டமாக நாற்காலி போட்டு உட்கார்ந்து ஆளுக்கொரு துண்டு கேக் தின்றார்கள், பாடினார்கள், அவர் பாடவில்லை. இன்று காலை காப்பிக்குப் பின் தொப்பியில் சீட்டுப் போட்டேன். "என் பேரு வேணாம்" என்று சொல்லிவிட்டுத் தொழுவத்துக்குப் போய்விட்டார். அதனால்தான் விதியை மீறிக் கேட்கிறேன் யோரிட், அந்த இரண்டு வரியை நீ வேண்டுமென்றே எழுதினாயா?

இந்த இடத்தில் ஆஃப்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எழுதடி என்றேன். எழுதவில்லை. பிறகு சொன்னாள், "அண்ணன் அனுப்பின பொட்டலத்துல பாட்டே இல்லம்மா. நீங்க அலமாரியில வெச்சிருந்ததைத் திறந்து பார்த்தேன். பாட்டு இல்லாம எப்படிக் கொடுக்கறது? பள்ளிக்கூடத்துத் தட்டச்சு மெஷின்ல நானே அடிச்சு வெச்சேன். எல்லாரும் சிரிச்சீங்க, நல்லா வந்திருக்குன்னுதான் நினைச்சேன்." வருடம் முழுவதும் நடந்ததை ஒன்றன்பின் ஒன்றாக எழுதியபோதுதான் அவளுக்கு விஷயம் பிடிபட்டிருக்கிறது. நான் திட்டவில்லை. தொழுவத்துக்குப் போய் அவரிடமே சொல் என்றேன். அரை மணி நேரம் கழித்து வந்தாள், அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டு. என்ன சொன்னார் என்று கேட்டேன். அப்பா கறவை மெஷினை நிறுத்தினாராம். "நீயா? அந்தக் கடைசி ரெண்டு வரியும் நீதானா?" என்று இரண்டு தடவை கேட்டாராம். ஓசை பொருந்துவதற்காகப் போட்டேன் என்று இவள் சொன்னாளாம். "மாடு யோசனை சொல்ற வரி நல்லா இருந்துச்சு" என்றாராம். அப்புறம் மெஷினை மறுபடி போடப் போனவர் திரும்பி, "அவன் எழுதலைங்கிறே, சரி. ஆனா பொய்னு யாரு சொன்னா?" என்றாராம்.

நீ ஏன் போனாய் என்று உன்னை யாரும் கேட்டதில்லை, இங்கே நிலம் போதாது என்று நாங்களே காரணம் சொல்லிக்கொண்டோம். உண்மை எதுவானாலும் அவருக்கு நீயே சொல்ல வேண்டும். அவர் குரலுக்காகத்தான் போனாய் என்றால் அதையும் சொல், ஒரு வருடமாக அதை உண்மை என்று நினைத்தே வாழ்ந்துவிட்டார், தாங்கிக்கொள்வார். பாட்டில்லாமல் பரிசு அனுப்பிய குற்றத்துக்கு உன்னை நான் தனியாகக் கவனித்துக்கொள்கிறேன், இந்தக் குடும்பத்தில் என் அப்பா காலத்திலிருந்து யாரும் அப்படிச் செய்ததில்லை. இந்த உறையில் ஒரு சீட்டு இருக்கிறது, உன் அப்பா பெயர்தான். தொப்பியில் குலுக்காமல் நானே எழுதியது, அவருக்குத் தெரியாது, நீயும் வாயைத் திறக்காதே. அவருக்கு ஒரு பாட்டு எழுது, தபாலில் அனுப்பினால் ஐந்தாம் தேதிக்குள் வந்து சேராது. அன்று எங்களுக்கு மாலை ஏழு மணி, உனக்கு மறுநாள் காலை ஏழு மணிக்குப் போன் செய். மணி அடிக்கும்போது நானும் ஆஃப்கேயும் அடுக்களையில் இருப்போம், வெளியே வரமாட்டோம். அவர்தான் எடுக்க வேண்டியிருக்கும். நீ எழுதியதை நீயே படி.

கடவுள் உன்னைக் குளிரிலும் வெயிலிலும் காப்பாற்றட்டும். அங்கே இப்போது கோடை, தொப்பி போடாமல் வெளியே போகாதே. ஹென்ரிக்கா உன்னை விசாரித்தாள், அடுத்த மே மாதம் பெயர்களைப் படிக்கப் போவது யார் என்று இப்போதே கேட்கிறாள், ஐந்தாம் தேதிக்குப் பிறகு சொல்கிறேன் என்றேன்.

இடது கையால் கையெழுத்திடும்,
உன் அம்மா கேசியா

(எழுதியவள்: ஆஃப்கே. அண்ணா, என்னை மன்னித்துவிடு.)