மடித்துக் கட்டாத வேட்டி

18-10-1971, திங்கள். புதுவயல்.

ஆறு மாதமாக மறைத்து வைத்தது இன்று ஒரு மழையில் வெளியே வரப் பார்த்தது.

நெல் மூட்டை மேலே சரிந்து கால் முட்டி போனதிலிருந்து, பினாங்கிலிருந்து மைத்துனன் அனுப்பிய முட்டிப் பட்டையைப் போட்டுக்கொண்டுதான் மில் களத்தில் நிற்கிறேன். இரண்டு பக்கமும் இரும்புத் தகடு வைத்த பட்டை. அது இல்லாமல் கால் நிற்காது. நொண்டி மேஸ்திரியை எந்த மில்லில் வைத்துக்கொள்வார்கள்? அதனால் நான் வேட்டியை மடித்துக் கட்டுவதே இல்லை. முதலாளி அதைத் தனக்குச் செய்யும் மரியாதை என்று நினைத்து, மற்றவர்களிடம் என்னைக் காட்டிப் பேசுவார். நானும் அவர் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இன்று அவித்த நெல் களத்தில் காயும்போது மழை பிடித்துக்கொண்டது. எல்லோரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். வேட்டி தடுக்கிக் குப்புற விழுந்தேன். தூக்க வந்த களத்துப் பெண் பேச்சி பட்டையைப் பார்த்துவிட்டாள். சட்டென்று வேட்டியை இழுத்து மூடினாள்.

முதலாளி என்னவென்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல மொதலாளி, வேட்டி தடுக்கிருச்சு" என்றாள்.

அவர் சிரித்தார். "எனக்காகவா மேஸ்திரி இப்படி விழுந்து எந்திரிக்கிறீக? நாளையிலேருந்து என் முன்னாடியே மடிச்சுக் கட்டுங்க. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

நல்ல மனதோடுதான் சொன்னார்.

பட்டை நனைந்து கொடியில் தொங்குகிறது. அது இல்லாமல் நடந்து பார்த்தேன். கட்டிலிலிருந்து கதவு வரை நாலு எட்டு. திரும்பி வரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

களத்தில் சுவர் இல்லை.