காலை மூன்று சொட்டு, மாலை மூன்று சொட்டு

அன்புள்ள தங்கைக்கு,

அக்கா எழுதுவது. போனில் பேசினால், "இரு அக்கா, கஸ்டமர் லைன்ல வர்றாங்க" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படிப் பாதியில் கட் பண்ண முடியாது. நான் நலம். அம்மாவைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். முதலில் உன் புகழைப் பேசிவிடலாம்.

உன் எண்ணெய் எங்கள் தெருவுக்கே வந்துவிட்டது. எதிர் வீட்டுத் தையல்காரி, இஸ்திரிப் பெட்டி சுட்ட காயத்துக்கு இரண்டு பாட்டில் வரவழைத்திருக்கிறாள். வேப்பெண்ணெய், ஆலிவ் எண்ணெய், வைட்டமின் ஈ என்று லேபிள் ஒட்டியிருக்கிறது. உன் விளம்பரத்தையும் போனில் காட்டினாள். இடது பக்கம் அம்மாவின் குதிகால், கருத்துப்போன படுக்கைப் புண்ணோடு. வலது பக்கம் அதே குதிகால், புதுத் தோலோடு. கீழே, "படுத்த படுக்கையாகிவிட்ட என் அம்மாவுக்காக நானே காய்ச்சியது" என்று எழுதியிருந்தாய். தையல்காரிக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் படங்களை நீ கேட்டாய், நான்தான் அனுப்பினேன். நீ அனுப்பிய பாட்டில் அப்போது அலமாரியில் சீல் உடைக்காமல் இருந்தது. குதிகாலை ஆற்ற எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அம்மாவைப் புரட்டிப் போட்டேன். குதிகால் மெத்தையில் படாமலிருக்கக் கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்தேன். உப்புத் தண்ணீரில் கழுவினேன். முட்டையும் பாலும் ஊட்டினேன். துப்பினால் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினேன். செவ்வாய்தோறும் நர்ஸ் வந்து, புண்மேல் கண்ணாடித் தாளை வைத்துப் பேனாவால் ஓரத்தை வரைந்து அளவெடுப்பாள். ஏழாவது தாளில் வரைவதற்கு ஒன்றும் இல்லை. என் முதுகு போனது தனிக் கதை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று நீ பரிமாறிவிட்டாய்.

நீ செய்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அம்மா, "சின்னவ எட்ட இருந்தே ஆத்திட்டா" என்று சொன்னதைத்தான் பொறுக்க முடியவில்லை. அப்படியானால் நான் என்ன செய்தேன் என்று கேட்டேன். "நீ பக்கத்துல இருந்தே. மருந்து அவ மருந்துதானே" என்றாள். பாட்டிலைத் திறக்கவே இல்லை என்று எடுத்து வந்து காட்டினேன். "வேற பாட்டிலைக் காட்டுறியா? கூடப் பிறந்தவ மேல இவ்வளவு பொறாமை ஆகாதுடி" என்றாள். தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி. தெரிந்த விஷயம்தான். ஆனாலும் எனக்கு வயிறு எரிந்தது.

அடுத்த மாதமே அவளுக்கு இடுப்பில் சிவந்தது. உன்னிடம் சொன்னேன். "அந்த நர்ஸ் பேச்சைக் கேட்டு அம்மாவைப் புரட்டிப் புரட்டி இம்சை பண்ணாதே. காலையில மூணு சொட்டு, சாயங்காலம் மூணு சொட்டு. தினம் ஒரு வைட்டமின் சி மாத்திரை. போதும்" என்றாய். உனக்கு நினைவிருக்கும்.

நான் உன் பேச்சைக் கேட்டேன். ஒரு வார்த்தை பிசகவில்லை. புரட்டுவதை நிறுத்தினேன். என் தங்கையின் வைத்தியம் நடக்கிறது, கொஞ்ச நாள் வர வேண்டாம் என்று நர்ஸிடம் சொல்லிவிட்டேன். மூன்று நாளில் உன் எண்ணெயின் லட்சணம் தெரிந்துவிடும், அம்மாவும் பார்க்கட்டும், பிறகு பழையபடி புரட்டலாம் என்றுதான் தொடங்கினேன். மூன்றாம் நாள் தோல் உரிந்தது. தினமும் எடுப்பதுபோல அன்றும் படம் எடுத்தேன். ஆனால் புரட்டவில்லை. ஏன் என்று நீ கேட்பாய். உன்மேல் இருந்த கோபத்தை எடுத்துக்கொண்டு உன் ஊருக்கு வர முடியவில்லை. அம்மா கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தாள்.

ஒன்பதாம் நாள் அம்மா, "இந்தப் பக்கம் தாங்கலடி, கொஞ்சம் திருப்பிப் போடேன்" என்று கெஞ்சினாள். சின்னவள் வேண்டாமென்று சொல்லியிருக்கிறாள் என்றேன். "அவ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். நான் மூன்று சொட்டு விட்டேன்.

பதினாறாம் நாள் கூப்பிடாமலே நர்ஸ் வந்தாள். போர்வையை விலக்கினாள். பஞ்சுக் குச்சியைப் புண்ணுக்குள் விட்டாள். பாதிக் குச்சி உள்ளே போயிற்று. என்னைப் பார்த்து, "உங்களுக்குத் தெரியும்ல?" என்று மட்டும் கேட்டாள்.

இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். எலும்பு வரை சீழ் பிடித்திருக்கிறது. அடுத்த வெள்ளிக்கிழமை வெட்டிச் சுத்தம் செய்யப் போகிறார்கள். இந்த உடம்பு தாங்குமா என்று டாக்டருக்கே சந்தேகம். நான் மறுபடி மணி பார்த்துப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். காய்ச்சலில் பேச்சு குழறுகிறது. தொட்டால் அலறுகிறாள். அலறிவிட்டு, "எரியுதுன்னா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். சின்னவகிட்ட சொல்லு, சந்தோஷப்படுவா" என்கிறாள். சொல்லிவிட்டேன்.

பதினாறு படங்களையும் தேதி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். விளம்பரத்தில் போடுவதும் கிழித்துப் போடுவதும் உன் இஷ்டம்.

வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடு. பாட்டில் எதுவும் கொண்டு வராதே. அவள் காதோரம் குனிந்து, குதிகாலை ஆற்றியது அக்காதான் என்று ஒரே ஒரு தடவை சொல். நான் சொன்னால் நம்பமாட்டாள், நீ சொன்னால் நம்புவாள். அது அவள் காதில் விழுந்த பிறகு, இடுப்பைப் பற்றி நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன். அதையாவது நான் செய்தேன் என்று நம்பட்டும்.

நீயும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருங்கள். உனக்கு இப்படி ஒரு மகள் வாய்க்காமல் இருக்கட்டும். என்னைத்தான் சொல்கிறேன்.

உன் அக்கா