தாழ்ப்பாள் இல்லாத கதவும் என் மகனின் பரிசோதனையும்

அனுப்புநர்:
தியாகு மாரிமுத்து,
சந்தைக்குப் பின்புறத் தெரு,
காத்ர் போர்ன்.

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் ஐயா அவர்கள்,
அரசு மருத்துவமனை.

பொருள்: விந்துப் பரிசோதனைக்கு வருபவர்களுக்கு முன்கூட்டி விவரம் சொல்லாததும், அவர்களைத் தாழ்ப்பாள் இல்லாத கழிப்பறைக்கு அனுப்புவதும் பற்றிய புகார், என் மகனுக்கு மறுபரிசோதனை வேண்டுதல்.

மதிப்பிற்குரிய டாக்டர் ஐயா,

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். வரிகள் மேட்டில் ஏறிப் பள்ளத்தில் இறங்குகின்றன. சில எழுத்துகள் பருத்தும் சில நோஞ்சானாகவும் இருக்கின்றன. எனக்கு வயது அறுபத்தெட்டு. கோயில் மாலை வகுப்பில் போன வருடம்தான் எழுதக் கற்றேன். ஒரு வரி முடிந்ததும் தாளைத் தள்ளிவைத்துப் பார்க்கிறேன். சந்தோஷமாக இருக்கிறது. புகார் எழுதுகிறவன் சந்தோஷப்படலாமா என்று தெரியவில்லை. புகாரும் உண்மை, சந்தோஷமும் உண்மை.

1937-ஆம் ஆண்டு கரும்புத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது எங்களுக்காக யாரோ ஒரு மனு எழுதினார். நான் கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இந்த மனுவில் இருப்பது எல்லாம் எனக்குத் தெரியும். என் மகன் விஸ்வம் ரோஸ் ஹில்லில் குமாஸ்தா. கேட்டால் ஆங்கிலத்தில் அழகாக எழுதித் தருவான். ஆனால் இது அவனைப் பற்றிய மனு. தைப்பூசத்தன்று தாங்கள் எங்கள் கோயிலில் தமிழில் பேசினீர்கள். ஆகையால் தமிழிலேயே எழுதுகிறேன். வாத்தியாரிடம் காட்டித் திருத்தவில்லை. விந்து என்ற சொல்லை அவர் பலகையில் எழுதிப் போட்டதில்லை. நானே எழுத்துக் கூட்டிக்கொண்டேன்.

1. விஸ்வத்துக்கும் வாசுகிக்கும் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. குழந்தை இல்லை. தங்கள் மருத்துவமனையில் இதுவரை என் மருமகளைத்தான் சோதித்தார்கள். ஊசி போட்டார்கள், குழாய் வைத்தார்கள், காற்று அடித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்து சோறு வடித்தாள். அவளிடம் குறை இல்லை என்று முடிவு வந்தது. அப்படியும் என் அக்காள் அம்புஜம், விஸ்வத்துக்கு வேறு பெண் பார்க்கலாம் என்றார். அவனையும் சோதிக்கட்டும் என்றேன். “ஆம்பிளைய எங்கயாவது சோதிப்பாங்களாடா?” என்று அக்காள் என்னைத் திட்டினார். விஸ்வம் எழுந்து, நான் போகிறேன் என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அவனைப் பெற்றதில் எனக்குப் பெருமை.

2. தங்கள் டாக்டர் அவனிடம் சொன்னது இவ்வளவுதான்: சில நாள் மனைவியை விட்டு விலகி இருந்து, சுத்தமான பாட்டிலோடு வா. எத்தனை நாள், எப்படிப்பட்ட பாட்டில் என்று சொல்லவில்லை. விலகி இருப்பதற்கு எங்களிடம் உள்ள அளவு ஒன்றே ஒன்று. அது காவடி விரதம். பத்து நாள், ஒரு வேளை சைவச் சாப்பாடு, தரையில் தனிப் படுக்கை. விஸ்வமும் இந்த முறை காவடிக்கு நேர்ந்திருந்தான். விரதம் முடிந்த மறுநாளே பரிசோதனை என்றால் அதைவிடச் சுத்தம் ஏது என்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம். முதுகெல்லாம் ஊசி குத்தி, வெயிலில் காவடி சுமந்து நடந்த உடம்பு ஆறுவதற்குள் அவன் பஸ் ஏறினான். மாங்காய் அஷார் ஊறுகாய் போட்டுவைக்கும் பாட்டிலை வாசுகி சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கவைத்து, துணியில் சுற்றிக் கொடுத்தாள். துணைக்கு நான் போனேன்.

3. ஆய்வகத்தில் இருந்த ஃப்ரான்சிஸ் என்பவர் காலிப் பாட்டிலின் மூடியைத் திறந்து மோந்து பார்த்தார். வெளிநோயாளர் பெஞ்சு முழுவதும் கேட்கும்படி, “தொந்தொன், மிளகாய் போட்டீங்களா, மறந்துட்டீங்களா?” என்று மாமா முறை வைத்து என்னைக் கேட்டார். பெஞ்சு சிரித்தது. நல்ல ஊறுகாய் வேண்டுமானால் வீட்டுக்கு வாருங்கள் என்று நானும் சொன்னேன். விஸ்வம் தரையைப் பார்த்தபடி நின்றான்.

4. பிறகு அவனை நடைவழிக் கழிப்பறைக்கு அனுப்பினார்கள். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. தாழ்ப்பாள் இருந்த இடத்தில் ஆணித் துளைகள் மட்டும் இருக்கின்றன. சாத்தினால் தானாகத் திறந்துகொள்கிறது. விஸ்வம் உள்ளேயிருந்து காலை நீட்டி அழுத்திப் பார்த்தான், எட்டவில்லை. என்னைப் பார்த்தான். நான் கதவைச் சாத்தி, வெளியே அதில் முதுகைச் சாய்த்து நின்றேன். வயிற்றுப்போக்குக்காரர் ஒருவர் வந்து என்னோடு சண்டை போட்டார். ஃப்ரான்சிஸ் வந்து என் தோளுக்கு மேலே கையை நீட்டி, “விட்மான், மிஸ்யே, விட்மான்!” என்று கதவைத் தட்டினார். சீக்கிரம் ஆகட்டுமாம்.

ஐயா, தாங்கள் மருத்துவர், ஆண்மகனும் கூட. பலகை ஒரு விரல் கனம். அதற்கு இந்தப் பக்கம் தகப்பனின் முதுகு. அந்த நிலையில் அந்தக் காரியம் எந்த மனிதனுக்குக் கைகூடும்? என் மகன் அதையும் செய்து முடித்து வெளியே வந்தான். அன்றிலிருந்து அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை.

5. எண்ணிக்கை போதாது, இருப்பவையும் நகரவில்லை, இவரால் ஆகாது என்று முடிவு சொன்னார்கள். அதையும் நடைவழியில் வைத்தே சொன்னார்கள். அன்று இரவு விஸ்வம் வாசுகியிடம், நீ அம்மா வீட்டுக்குப் போ, வேறு கல்யாணம் செய்துகொள், உன்னை நான் கெடுக்க மாட்டேன் என்றான். அவளுடைய பெட்டியை அவனே பரண்மேல் இருந்து இறக்கிவைத்தான்.

6. தங்கள் மருத்துவமனைத் தாதி எவெலின் எங்கள் தெருவழியாகச் சந்தைக்குப் போகிறவர். வாசுகியின் முகத்தைப் பார்த்து விசாரித்தார். விலக வேண்டியது மூன்று நாளிலிருந்து ஐந்து நாள்வரைதான் என்றும், மேலே போனால் உள்ளேயே பழசாகி ஓட்டம் குறையும் என்றும், சோப்பு மிச்சம் இருந்தாலே போதும் கெட்டுவிடும் என்றும், பாட்டிலை மருத்துவமனைதான் தர வேண்டும் என்றும் சொன்னார். ஒரு சோதனையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாதாம். உண்மையைச் சொன்னதற்காக அவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் அதற்கும் ஒரு மனு எழுதுவேன்.

7. வாசுகி பெட்டியைத் திரும்பப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். “பிள்ளை இல்லாட்டியும் நான் போறதா இல்ல, மாமா. அஷார் பாட்டில் சொல்ற தீர்ப்புக்கு நான் கட்டுப்பட மாட்டேன்” என்றாள். விஸ்வமும் அதைக் கேட்டான். பிறகு, அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டால் இன்னொரு முறை வருகிறேன், இல்லாவிட்டால் சாகும்வரை வர மாட்டேன் என்றான். சுவரைப் பார்த்துத்தான் சொன்னான். ஆனால் சொன்னான்.

ஆகையால் ஐயா, எத்தனை நாள் விலக வேண்டும் என்பதை வருகிற ஒவ்வொருவரிடமும் அவர்களுக்குப் புரியும் பாஷையில், தனியாக அழைத்துச் சொல்ல ஆணையிட வேண்டும். மருத்துவமனையே பாட்டில் தர வேண்டும். ஃப்ரான்சிஸ் தம் வேடிக்கையைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட வேண்டும். என் மகனை மறுபடி சோதிக்க வேண்டும். அதிலும் இதே முடிவு வந்தால் ஏற்றுக்கொள்வோம். அது உடம்பின் முடிவு. போன தடவை வந்தது கதவின் முடிவு.

இதைத் தயவாகக் கேட்கவில்லை. பெண்களை வருடக்கணக்கில் சோதிக்கத் தெரிந்த இடத்தில், ஓர் ஆணைக் கால் மணி நேரம் மரியாதையாகச் சோதிக்கத் தெரிய வேண்டும். இனி நான் தாழ்ப்பாளாக நிற்க மாட்டேன். அது தகப்பன் செய்கிற வேலை அல்ல.

வரும் செவ்வாய்க்கிழமை நம் தீவில் வெள்ளைக்காரர் கொடி இறங்கி, நம் நாட்டுக்குச் சொந்தக் கொடி ஏறுகிறது. நானும் போய்க் கை தட்டுவேன். புதன்கிழமை காலை தங்கள் மருத்துவமனைக்கு வந்து அந்தக் கதவைத் தள்ளிப் பார்ப்பேன். திறந்துகொண்டால் அன்றே உட்கார்ந்து மறுபடி எழுதுவேன். அதற்கு அடுத்த வாரமும் எழுதுவேன். தாள் நிறைய வாங்கி வைத்திருக்கிறேன். என் எழுத்தும் வாரத்துக்கு வாரம் நேராகி வருகிறது.

இடம்: காத்ர் போர்ன்
நாள்: 5-3-1968

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
தியாகு மாரிமுத்து
(கைநாட்டு அல்ல, கையொப்பம்)