துடக்கு நாளில் கேட்ட கேள்விகள்

மொன்ட்ரியால்
சனிக்கிழமை

அன்புள்ள மகன் சாரங்கனுக்கு அம்மா எழுதிக்கொள்வது.

நாங்கள் சுகம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. வன்கூவரில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொன்னால் "பேந்து கதைக்கிறன் அம்மா" என்று வைத்துவிடுவாய். கடிதம் என்றால் நான் முடிக்கும்வரை நீ குறுக்கே பேச முடியாது. கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

அடுத்த மாதம் என் சிறுநீரகம் ஒன்றை அப்பாவுக்கு வைப்பதாக இருந்தது உனக்குத் தெரியும். நேற்று அதை நிறுத்திவைத்துவிட்டார்கள். என் இரத்தத்திலோ அவருடைய இருதயத்திலோ பிழை இல்லை. அப்பாவுக்கு வாழ விருப்பம் இருக்கிறதா என்று சந்தேகமாம். மனநல வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை சத்திரசிகிச்சைக்குத் திகதி இல்லையாம். வாழ விருப்பமில்லாத மனிதன் ஏன் வாரத்தில் மூன்று நாள், பனியென்றும் பாராமல், டயாலிசிஸுக்கு முதல் பஸ்ஸைப் பிடித்துப் போகிறான் என்று அங்கே ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

எல்லாம் ஒரு படிவத்தால் வந்தது. கோப்பாயில் அரியரத்தினம் பெரியப்பா இறந்ததை உனக்கு அறிவித்தேன். நீ போனில் கும்பிட்ட கை இரண்டு அனுப்பினாய், அவ்வளவுதான். சொந்தத் தமையனின் செத்தவீட்டுக்கு அப்பாவால் போக முடியவில்லை. டயாலிசிஸை விட்டுவிட்டு எப்படிப் போவது? தமையனுக்கு இங்கிருந்து செய்ய முடிந்தது, சாவுத் தீட்டென்று சுவாமி காரியம் எதையும் தொடாமல் துடக்குக் காப்பது ஒன்றுதான் என்று, முப்பத்தொரு நாளும் காக்க முடிவெடுத்தார். கோயில் வாசல் மிதிக்கவில்லை. சுவாமித் தட்டுக்குத் திரை போட்டிருக்கிறோம். விளக்கில்லை, தேவாரமில்லை, திருநீற்றுச் சட்டியைத் தொடுவதில்லை. டோர்வல் விமான நிலையத்தில் விமானச் சாப்பாடு கட்டும் வேலைக்கு இருபத்தாறு வருடம் போனார். ஒருநாளாவது திருநீறு இல்லாமல் படி இறங்கியதைப் பார்த்திருக்கிறாயா?

இருபதாம் நாள், புதன்கிழமை, டயாலிசிஸ் கதிரையில் இருந்தவரிடம் ஒரு பெண்பிள்ளை படிவத்தோடு வந்தாளாம். நோயாளிகளின் ஆன்மிகத்துக்கும் உடல்நலத்துக்கும் என்ன தொடர்பு என்று அளக்கிறார்களாம். பூச்சியத்திலிருந்து நான்கு வரை, ஓர் எண்ணுக்கு வட்டம் போட வேண்டும். கடந்த ஏழு நாட்களில் எத்தனை தடவை வழிபட்டீர்கள்? பூச்சியம். வழிபாட்டுத் தலத்துக்குப் போனீர்களா? பூச்சியம். உங்கள் வழிபாடு ஆறுதல் தந்ததா? பூச்சியம். மனம் அமைதியாக இருந்ததா? தமையன் செத்து இருபது நாள், அதற்கும் பூச்சியம். பன்னிரண்டு கேள்விக்கும் அப்படித்தான். நான் அந்த நேரம் வேலையில், கார்டெரியில் காப்பகக் குழந்தைகளுக்குச் சமைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் இருந்திருந்தால் பேனையைப் பறித்திருப்பேன்.

இவ்வளவு குறைந்த புள்ளி வந்தால் வைத்தியருக்கு அறிவிக்க வேண்டுமாம். நேற்று அவர் எங்களைக் கூப்பிட்டு, போன் வழியாக ஒரு மொழிபெயர்ப்பாளரை வைத்து, சிகிச்சையை நிறுத்த விருப்பமா என்று அப்பாவிடம் கேட்டார். நான்தான் துடக்கு என்றால் என்னவென்று விளங்கப்படுத்தினேன். மொழிபெயர்த்தவர் என்ன சொன்னாரோ, தன்னை அசுத்தமானவர் என்று இவர் நினைக்கிறார் என்று வைத்தியர் சொல்லிக்கொண்டே எழுதினார். அவ்வளவு பிரெஞ்சு எனக்கும் விளங்கும். திரும்பும்போது மெட்ரோவில்தான் அப்பா பேசினார். "நான் சாமியை விட்டிட்டன் எண்டு எழுதிப்போட்டினம், ஜெகதி" என்றார்.

ஒன்றிரண்டாவது போட்டிருக்கலாமே என்று வீட்டுக்கு வந்து சண்டை பிடித்தேன். சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்த பிரதியை எடுத்துக் கடைசிப் பக்கத்தைக் காட்டினார். தமிழாக்கம்: ஸ்ரீதரன் சாரங்கன் என்று இருந்தது. "பிள்ளையின்ரை வேலையிலை பொய் எழுதலாமே?" என்று என்னைக் கேட்டார். அந்தப் பெண்பிள்ளைக்கும் பெயரைக் காட்டி, என் மகன் என்று சொன்னாராம். வேறு யாருடைய படிவமென்றால் கண்ணாடி கொண்டுவரவில்லை என்று திருப்பிக் கொடுத்திருப்பார்.

அளப்பது பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் காய்ச்சல் பார்க்கிற தாதிகூட, இப்போது சுடுதண்ணீர் குடித்தீர்களா என்று கேட்டுவிட்டுத்தானே வாயில் வைக்கிறாள். எங்கள் ஆட்கள் வழிபடாமல் இருப்பதும் சுவாமிக்குக் கொடுக்கிற மரியாதைதான் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்ல உனக்கு ஏன் தோன்றவில்லை? பெரியப்பா செத்தால் உனக்கும்தான் துடக்கு. இந்த நாட்களில் நீ என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை. ஒருநாள் அப்பாவுக்குப் போன் எடுத்துக் கதைத்திருந்தால், அவர் எப்படி இருக்கிறார் என்று உனக்குப் படிவமில்லாமலே தெரிந்திருக்கும். நீ அவரோடு கதைத்து மூன்று மாதமாகிறது, சாரங்கன்.

இப்போது நான் சொல்வதைச் செய். துடக்கு என்றால் என்னவென்று அந்த வைத்தியருக்கு விளங்கும் பாஷையில் எழுது. இந்த மனிதனின் மகன் என்றும் எழுது. நாளை விட்டு அடுத்த ஞாயிறு முப்பத்தோராம் நாள். அதற்கடுத்த புதன்கிழமை மனநல வைத்தியர் பார்க்கிறார். அதற்கு முன் உன் கடிதம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். என் சிறுநீரகம் இங்கே ஆயத்தமாக இருக்கிறது. உன் படிவம்தான் குறுக்கே நிற்கிறது.

வழக்கமாகக் கடிதத்தோடு திருநீறு மடித்து வைப்பேன். இந்த உறைக்குள் இல்லை. கோபத்தில் வைக்காமல் விட்டேன் என்று நினைக்காதே, வீட்டில் துடக்கு. நீ நன்றாக இருக்க வேண்டும் என்று சுவாமியிடம் கேட்க எனக்கு இன்னும் எட்டு நாள் இருக்கிறது. அந்த ஞாயிறு காலை அப்பா தலை முழுகி விளக்கேற்றுவார். திருநீறு வேண்டுமென்றால் வந்து அவர் கையால் பூசிக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
ஜெகதீஸ்வரி