எழுப்பாமல் எடுத்த பாதி

என் அக்கா பெற்ற விஞ்ஞானிக்கு, அவளை விஞ்ஞானி ஆக்கிய மாமா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் மூட்டுவலிகூட என்னைக் கண்டு பயந்து ஓடிவிட்டது. உன் அத்தைதான் நம்ப மறுக்கிறாள்.

நேற்று ஸ்கூட்டரைத் துடைத்தேன். நீ எங்கள் வீட்டில் தங்கிப் படித்த காலம் கண்முன் வந்து நின்றது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து எடுத்த கர்ப்பப்பைத் துண்டை ஐஸ் பெட்டியில் வைத்து, மடியில் அணைத்துக்கொண்டு பின்னால் உட்காருவாய். நான் உன் ஆய்வகத்துக்கு விமானமாகப் பறப்பேன். போலீஸ்காரர்கள் வரிசையாக நின்று சல்யூட் அடிப்பார்கள். "ஒருத்தர் விசில் ஊதி நிறுத்தினாரே, அதையும் எழுதுங்க" என்று அத்தை குரல் கொடுக்கிறாள். அவள் கிடக்கட்டும்.

ஒருநாள் ஆய்வகத்திலிருந்து வாடிய முகத்தோடு வந்தாய். கர்ப்பப்பையில் காவல் இருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் சாதுவாக இருக்க வேண்டியவை, ஆனால் எல்லாம் சண்டைக்கு நிற்கின்றன, ஏனென்று புரியவில்லை என்றாய். அடுத்த முறை ஒரே துண்டை இரண்டாக வெட்டினாய். ஒரு பாதியை வழக்கம்போல், சதையைக் கரைத்துச் செல்களைப் பிரிக்கும் நொதி கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டுக் குலுக்கினாய். மறுபாதியை ஐஸிலேயே வைத்து நறுக்கி, சல்லடையில் மெதுவாகத் தேய்த்து எடுத்தாய். முதல் பாதியில் வந்த செல்கள் முறைத்தன. மற்றவை சாதுவாக இருந்தன. யோசனை கொடுத்தது நான்தான் என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். நீ மாற்றிப் பேசிவிடாதே.

அன்று சமையலறை வாசலில் நின்று சொன்னாயே: "தூங்குறவங்க வீட்டுக் கதவ உடைச்சு இழுத்துட்டு வந்தா, யாரா இருந்தாலும் கோபமாத்தான் இருப்பாங்க மாமா. தப்பு அதுங்க மேல இல்ல. நாங்க எடுத்த விதம் அப்படி." பிள்ளை தங்காத தன் வயிற்றை வருஷக்கணக்காகத் திட்டிக்கொண்டிருந்த அத்தை, அன்று பாடிக்கொண்டே பாத்திரம் கழுவினாள். அதற்குப் பிறகு திட்டியதே இல்லை.

உனக்குக் கரு கலைந்ததிலிருந்து நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று அக்கா சொன்னாள். "என் உடம்பே என் குழந்தைய விரட்டிடுச்சும்மா" என்று போனில் அழுதாயாம். டாக்டரே காரணம் தெரியவில்லை என்று சொல்லியிருக்க, நீ எந்தச் சல்லடையில் சலித்துப் பார்த்துத் தீர்ப்பு சொன்னாய்?

உன்னை நீயே குலுக்காதே, கண்ணு. லீவு போட்டுவிட்டு வா. ஸ்டேஷனுக்கு நானே வருகிறேன், மெதுவாகவே ஓட்டுவேன். உன் அறையை அத்தை பெருக்கி வைத்துவிட்டாள். எவ்வளவு நேரம் தூங்கினாலும் கதவை ஒருவரும் தட்ட மாட்டோம்.

நன்றாக இரு.

உன் வருகைக்குக் காத்திருக்கும்
மாமா