சிவப்பு மூடிக்குள்

மார்ச் 2, ஞாயிறு

காலை பத்து மணியிலிருந்து மாமனார் வீட்டுத் தரையில் உட்கார்ந்து கேபிளோடு மல்லுக்கட்டினேன். புது ஸ்பீக்கர் இரண்டு. அதற்கு என் சுண்டுவிரல் தடிமனில் கேபிள். உறையைச் சீவி, செம்பு இழைகளை முறுக்கி, பிளக்குக்குள் நுழைத்து, திருகை இறுக்கி, மேலே மூடி போட வேண்டும். சிவப்பு மூடி நான்கு, கறுப்பு மூடி நான்கு. அவ்வளவு தடித்த இழை அந்தத் துளைக்குள் போவேனா என்று அடம் பிடித்தது. இரண்டு தடவை விரலில் குத்திக்கொண்டேன். நடுவில் தேநீர், நடுவில் மச்சானின் அரட்டை, நடுவில் ஆபீஸிலிருந்து போன்.

"சொல்லியிருந்தா கடைக்காரரே வந்து மாட்டிக் கொடுத்திருப்பார்" என்றாள் இவள். ஆபீஸில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவன் நான். இதற்கு ஒரு கடைக்காரரா? வயர் வேலை எனக்குத் தண்ணி பட்ட பாடு என்றேன்.

முடித்ததும் மாமா கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு கேட்டார்.

"பாடறவர் எங்க நிக்கறார் மாப்ளே?"

"நடுவுல மாமா."

"அப்படியா?" என்றார். சாப்பாடு பலமாக இருந்தது.

மார்ச் 9, ஞாயிறு

மாமாவுக்குத் திருப்தியில்லை. "அடியில கனமே இல்லீங்க. குரல் எங்கிருந்து வருதுன்னும் தெரியல. காதுக்குள்ள யாரோ உறிஞ்சற மாதிரி இருக்கு. வயரெல்லாம் சரியாத்தானே இருக்கு?"

குனிந்து பார்த்தேன். சிவப்பு சிவப்பில் இருந்தது, கறுப்பு கறுப்பில்.

"ஸ்பீக்கர் புதுசு, வயர் புதுசு. இந்த ரூம்ல பழசு ஒண்ணே ஒண்ணுதான் மாமா. உங்க காது."

மச்சானுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. அத்தைகூடச் சிரித்தார். மாமாவும் சிரித்தார். சமயத்தில் எனக்கு நன்றாகத்தான் வாய் வருகிறது.

மார்ச் 13

மாமா காது டாக்டரிடம் போனாராம். நல்லதுதான்.

மார்ச் 18, செவ்வாய்

மெல்லிய உச்ச ஒலிகள் கொஞ்சம் குறைந்திருக்கிறதாம். அறுபத்தெட்டு வயதில் எல்லோருக்கும் அப்படித்தான், கவலைப்பட ஒன்றுமில்லை என்றுதான் டாக்டர் சொல்லி, ஒரு சொட்டு மருந்து கொடுத்திருக்கிறார். மாமா காதில் 'குறைந்திருக்கிறது' மட்டும்தான் விழுந்திருக்கிறது. நூலக மாடியில் இருபத்தாறு வருடமாக நடத்திவந்த பாட்டுக் குழுவை, முதல் வரிசையில் பாடும் தையல்காரம்மாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்துவிட்டார்.

"ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல நிக்கற ஒருத்தரையே கண்டுபிடிக்க முடியல. இருபத்திரண்டு பேர்ல யாருக்கு சுருதி விலகுதுன்னு நான் எப்படிச் சொல்றது?" என்று கேட்டாராம். இவள் இதைச் சொல்லிவிட்டு அடுப்படியில் போய் அழுதாள். எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. வயது யாரை விட்டது?

மார்ச் 22, சனி

மிச்சமிருந்த கேபிளை நம் வீட்டு ஸ்பீக்கருக்கு மாட்டலாம் என்று எடுத்தேன். இரண்டு வயரும் ஒரே நிறச் செம்பு, ஒரே மாதிரி கண்ணாடி போன்ற உறை. ஒன்றின் மேல் தலைமுடி போல ஒரு கோடு. இன்னொன்றின் மேல் பொடிப்பொடியாக எழுத்து. கோடு போட்டதைச் சிவப்பு மூடிக்குள் விட வேண்டும். உறை சீவும் ஸ்ட்ரிப்பரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கு போன் பேசி முடித்து வந்த பிறகு கடைசி முனைக்கு நான் எதைப் பார்த்தேன்? எழுத்தைத்தானே பார்த்தேன்? எழுத்து இருக்கிற பக்கம் என்று எடுத்தது ஞாபகம் இருக்கிறது. இல்லை, கோடுதான். இல்லை.

ஒரு முனை மாறினால் போதும். இரண்டு ஸ்பீக்கரும் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்யும். கனம் போய்விடும், நடுவில் நிற்கிறவர் காணாமல் போவார். வெளியே பார்த்தால் எல்லாம் ஒழுங்காக இருக்கும்.

மார்ச் 23, ஞாயிறு

மாமா கடைக்குப் போயிருந்த நேரம். வலது ஸ்பீக்கரின் சிவப்பு மூடியைத் திருகினேன். உள்ளே எழுத்து.

பத்து நிமிஷத்தில் மாற்றிவிட்டேன். அத்தை எட்டிப் பார்த்தார். "இன்னும் என்ன மாப்ளே பண்றீங்க அதுல?"

"தூசி அத்தை."

தூசியாம்! ஆனால் யோசித்துப் பார்த்தால் இதுதானே நல்லது? மாமா அடுத்த தடவை பாட்டுப் போடுவார், எல்லாம் சரியாகக் கேட்கும், குழுவுக்குத் திரும்பிப் போவார். டாக்டரின் சொட்டு மருந்துக்கு நல்ல பேர் கிடைக்கட்டும். யாருக்கும் நஷ்டமில்லை.

மார்ச் 30, ஞாயிறு

அவர் பாட்டே போடுவதில்லை. ஸ்பீக்கர் இரண்டின் மேலும் பழைய போர்வை. நானே போடப் போனேன், கையைப் பிடித்துக்கொண்டார். "விடுங்க மாப்ளே. தெரியாத ஊர்ல நிக்கற மாதிரி இருக்கு. எனக்கு எதுக்கு?"

பழசு ஒண்ணே ஒண்ணுதான்னு சொன்னேனே. எவ்வளவு திமிரு எனக்கு. நாக்கைப் பிடுங்கிக்கலாம் போல இருக்கு.

ஏப்ரல் 2

இன்றும் சொல்லவில்லை. போனை எடுத்தேன், "சாப்பிட்டீங்களா மாமா" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 5, சனி

சொல்லிவிட்டேன்.

மாமா சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன், கோடு, எழுத்து, போன், தூசி எல்லாம். அவர் வயரைப் பிடுங்கி, இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"எப்பத்துலேருந்து தெரியும்?"

"ரெண்டு வாரமா."

"தப்பா மாட்டறது பெரிசில்ல மாப்ளே. நான்கூட மாட்டியிருப்பேன். ரெண்டு வாரமா..."

கூடத்துக்குப் போய்ப் போர்வையை உருவினார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டார். "நடுவுலதான் நிக்கறார்" என்றார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். திட்டவில்லை.

"அன்னைக்குச் சிரிச்சவங்க எல்லாரும் நாளைக்குச் சாப்பிட வராங்க. அவங்க முன்னாடி சொல்லுங்க. சாயங்காலம் குழுவுலயும் வந்து சொல்லுங்க."

ஏப்ரல் 6, ஞாயிறு

மத்தியானம் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மச்சான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். இவள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குக் கை வரவில்லை.

சாயங்காலம் நூலக மாடி. இருபத்திரண்டு பேர் முன்னால் நின்று, "அவர் காதுல ஒரு குறையும் இல்ல, தப்பு என் கையில" என்றேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்றே தெரியவில்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். தையல்காரம்மா யாரும் சொல்லாமலே எழுந்து முதல் வரிசையில் தன் பழைய இடத்துக்குப் போனார். மாமா கையைத் தூக்கினார்.

இரண்டாவது அடியிலேயே நிறுத்தினார். "மூணாவது வரிசையில யாரோ சுருதியில இறங்கறீங்க." எனக்கு அப்பாடா என்றிருந்தது. ஆனால் அவர் தையல்காரம்மா பக்கம் திரும்பி, கொஞ்சம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "எனக்கு மட்டும்தான் அப்படிக் கேக்குதா?"

"இல்ல சார், இறங்குது. தபால்காரர்தான்."

தபால்காரர் கையைத் தூக்கி ஒப்புக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள், மாமா மட்டும் சிரிக்கவில்லை. இவள் சின்ன வயதிலிருந்து அங்கே போய்வருகிறவள். அப்பா யாரையும் அப்படிக் கேட்டு அவள் பார்த்ததே இல்லையாம். வரும் வழியில் அதை மட்டும் சொன்னாள்.

மொத்தம் ஐந்து தடவை கேட்டார். ஐந்து தடவையும் அவர் சொன்னதுதான் சரி. வயரை மாற்றப் பத்து நிமிஷம் போதுமாக இருந்தது. இதை நான் எங்கே திறந்து மாற்றுவது?

ஏப்ரல் 13, ஞாயிறு

கடைசி பெஞ்ச். நான்கு தடவை.

ஏப்ரல் 27, ஞாயிறு

இன்று ஒரே ஒரு தடவைதான் திரும்பினார். "எனக்கு மட்டும்..." என்று ஆரம்பித்தவர், பாதியில் விட்டுவிட்டு, "தபால்காரரே, நீங்கதான். மறுபடி பாடுங்க" என்றார்.